மீன்சந்தைத் திடலில் அமர்ந்த மாதர்

லைபீரியா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவரிற் பலர் அதனை லிபியா என்று எண்ணிவிடுவதுண்டு. லிபியா மத்தியதரைக் கடலோரத்து அறபு நாடு. லைபீரியாவோ மேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் பெருங்கடலின் கரையில், ஸியர்ரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே அமைந்த சிறிய நாடு. அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களைக் கொண்டுவந்து குடியேற்றும் நோக்குடன் 1822-இல் தொடங்கப்பட்ட குடியிருப்பே 1847-இல் சுதந்திரக் குடியரசாயிற்று. நாட்டின் பெயருக்கு விடுதலை நிலம் என்று பொருள். தலைநகர் மன்ரோவியாவின் பெயரோ அமெரிக்க ஜனாதிபதி மன்ரோவின் நினைவாக வைக்கப்பட்டது. அப்படிக் குடியேறியோரின் வழிவந்தவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினராயிருந்தும், அம்மண்ணின் பூர்வகுடிகளை 133 ஆண்டுகள் ஆண்டார்கள். அடிமைகளாயிருந்தோரின் பேரப்பிள்ளைகள் எஜமானர்களாக மாறிய பின், பழைய எஜமானர்களின் வழக்கங்களையே கைக்கொண்டார்கள் என்பது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று.

1980 ஏப்ரலில் ஸாமுவேல் டோ என்னும் இராணுவ ஸார்ஜண்ட், ஜனாதிபதி டால்பர்ட்டைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார். பூர்வகுடியினர் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. டோ தம் சொந்தக் குலமான கிரான் இனத்தாரையே உயர்த்தினார். 1989 டிசம்பர் 24-ஆம் நாள், சார்ல்ஸ் டெய்லர் என்பவர் ஐவரி கோஸ்ட் எல்லையைக் கடந்து ஆயுதக் கூட்டமொன்றை அனுப்பிப் போரைத் தொடங்கினார். மறு ஆண்டு செப்டம்பரில் டோ கொல்லப்பட்டார். எனினும் போர் ஓயவில்லை. ஒரு கூட்டம் ஏழெட்டுக் கூட்டங்களாகப் பிரிந்து நாட்டைக் கூறுபோட்டது. 1997 ஜூலைத் தேர்தலில் அதே டெய்லர் முக்கால் பங்கு வாக்குகளைப் பெற்று ஜனாதிபதியானார். ஆட்சி கிடைக்காவிட்டால் மீண்டும் காட்டுக்குப் போய்விடுவாரே என்ற அச்சத்தாலேயே பலர் அவருக்கு வாக்களித்தனர். அதற்கும் பயனில்லை. 1999-இல் வடக்கே வேறொரு புரட்சிக் கூட்டம் கினி நாட்டிலிருந்து புகுந்தது. 1984-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இருபத்தொரு லட்சம் மக்களே வாழ்ந்த அந்நாட்டில், இவ்விரு போர்களிலும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பு. பத்து வயதுப் பாலகர்களுக்குப் போதைப் பொருளைக் கொடுத்துத் துப்பாக்கியைக் கையில் திணித்தார்கள். பெண்களுக்கு நேர்ந்தவற்றை இப்பக்கங்களில் விரித்தெழுத மனம் ஒப்பவில்லை, வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் அந்நாட்டு முஸ்லிம்களைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல இயலாது. 2008-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி லைபீரிய மக்களுள் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பன்னிருவர். அவர்களுள் மண்டிங்கோ என்னும் இனத்தார் முக்கியமானவர்கள். பழைய மாலிப் பேரரசின் வழிவந்த வணிகக் குலத்தார். ஊர் ஊராகக் கடைகளும் வண்டிகளும் வைத்திருந்தவர்கள். எத்தனை தலைமுறைகள் வாழ்ந்தாலும் 'வந்தேறிகள்' என்ற பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை. ஸாமுவேல் டோவுக்கு வேண்டியவர்கள் என்று கருதப்பட்டமையால், 1990-இல் டெய்லரின் படையினர் கிரான் இனத்தாரையும் மண்டிங்கோக்களையும் தேடித் தேடிக் கொன்றார்கள். உயிர் தப்பி அயல்நாடுகளுக்கு ஓடிய மண்டிங்கோ இளைஞர்கள் பின்னர் ஆயுதமேந்தித் திரும்பினார்கள். 1999-இல் புகுந்த புரட்சிக் கூட்டத்தில் பெரும்பாலோர் அவர்களே; அதன் தலைவர் ஸேக்கூ கொன்னேயும் மண்டிங்கோவே. ஆகவே 2003-இல் மன்ரோவியாவில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். அரசின் கண்ணுக்கு அவள் புரட்சிக்காரரின் சகோதரி. தன் இனத்தாரின் கண்ணுக்கோ, 'போரை நிறுத்து' என்று அவள் சொன்னால், பழிவாங்க வந்த தம்பியின் கையைப் பிடிப்பவள். அப்படிப்பட்டவர்கள்தாம் அன்று தெருவுக்கு வந்தார்கள். இக்கட்டுரை முதன்மையாக அவர்களை நோக்கியது.

பெண்களின் சமாதான முயற்சி 2003-இல் திடீரென முளைத்ததன்று. 1994-இலேயே மேரி பிரவ்னெல் என்ற முதிய ஆசிரியை 'லைபீரியப் பெண்கள் முன்னணி'யைத் தொடங்கி, ஆயுதங்களைக் களையாமல் தேர்தல் கூடாது என்று வாதாடினார். அழைப்பில்லாத சமாதான மாநாடுகளுக்குத் தாமே சென்று வாயிலில் நின்றார்கள் அவர்கள். 1996-இல் இடைக்கால ஆட்சிக் குழுவின் தலைமை ரூத் பெர்ரி என்ற பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. 2000-இல் லைபீரியா, கினி, ஸியர்ரா லியோன் ஆகிய மூன்று நாட்டுப் பெண்களும் கூடி ஒரு சங்கம் அமைத்து, பேச மறுத்துக்கொண்டிருந்த மூன்று ஜனாதிபதிகளையும் பேச வைக்க முயன்றனர். இவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், பதவி வகித்தவர்கள். அரண்மனைக் கதவுகளைத் தட்டத் தெரிந்தவர்கள். சந்தையில் மீன் விற்பவளும், அகதி முகாமில் கஞ்சி காய்ச்சுபவளும் இன்னும் வரவில்லை.

அவர்களை அழைத்து வந்தவர் லேமா போவீ. 1972-இல் பிறந்தவர், போர் தொடங்கியபோது பதினேழு வயது. நான்கு குழந்தைகளின் தாயாகி, வறுமையிலும் இல்லறத் துன்பத்திலும் உழன்று, போரில் நைந்த மனிதர்களுக்கு ஆறுதல் கூறும் சமூகப் பணியாளராகப் பயின்றவர். போராடிய சிறுவர்களோடு பழகியவர். 2002-இல் மன்ரோவியாவின் புனித பேதுரு லுத்தரன் தேவாலயத்தில் கிறிஸ்தவப் பெண்களைக் கூட்டிச் சமாதானத்துக்காகப் பிரார்த்திக்கச் செய்தார். அந்தத் தேவாலயம் சாதாரண இடமன்று. 1990 ஜூலையில் அங்கே தஞ்சம் புகுந்திருந்த சுமார் அறுநூறு பேரை டோவின் சிப்பாய்கள் ஒரே இரவில் கொன்று குவித்தார்கள். அவ்விடத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் முஸ்லிம் பெண் ஒருவரும் வந்து அமர்ந்திருந்தார். அஸாத்து பா கென்னத் என்பது அவர் பெயர். காவல்துறையில் உயர்பதவியில் இருந்தவர். எழுந்து நின்று, அக்கூட்டத்தில் தாம் ஒருவரே முஸ்லிம் என்பதையும், கண்டதைத் தம் சகோதரிகளிடம் கொண்டுசெல்லப் போவதையும் அறிவித்தார். சொன்னபடியே முஸ்லிம் பெண்களைத் திரட்டினார். எந்த அரசின் போக்கை எதிர்த்து அவர் பேசத் துணிந்தாரோ, அந்த அரசின் சம்பளத்தைப் பெறும் ஊழியர் அவர். இத்துணிவை எடைபோட வாசகர்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

இரு தரப்பிலும் தயக்கம் இருந்தது. முஸ்லிம்களோடு சேர்ந்து பிரார்த்தித்தால் தங்கள் விசுவாசம் நீர்த்துவிடுமோ என்று கிறிஸ்தவப் பெண்கள் சிலர் அஞ்சினர். துப்பாக்கிக் குண்டு மதம் பார்த்தா பாய்கிறது என்று அவர்களிலேயே ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒருவராலும் விடை கூற இயலவில்லை. இறுதியில் ஒருவர் மற்றவருக்காகத் தத்தம் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. பைபிளைப் படிப்போர் அதைப் படித்தனர். நம் சகோதரிகள் தஸ்பீஹும் துஆவும் ஓதினர். அடுத்தடுத்து அமர்ந்தே இரண்டும் நடந்தன. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எல்லாம் ஒன்றே என்று பூசி மெழுகும் சமரசத்தால் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தால், முதல் வெயிலிலேயே கலைந்துபோயிருக்கும்.

பொதுக் காரியங்களில், அதிலும் போர், உடன்படிக்கை போன்ற பெரிய விவகாரங்களில், பெண்களுக்கென்ன வேலை என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது, நிபந்தனைகளின் கடுமையால் மனமுடைந்திருந்த தோழர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியும் எழாதிருந்த அந்த நெருக்கடியான வேளையில், வழி சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். நாயகம் அவர்கள் அவ்வாலோசனையை ஏற்றுத் தாமே முதலில் எழுந்து குர்பானி கொடுத்துத் தலைமுடி களைந்தார்கள், தோழர்கள் பின்தொடர்ந்தார்கள். இது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. கேட்போருக்கு இது போதும்.

இனி அப்பெண்கள் செய்தது என்ன என்று பார்ப்போம். அவர்கள் வகுத்துக்கொண்ட முறை மிக எளிது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மக்கள் வெளிவரும் வேளையில் பள்ளிவாசல்; சனிக்கிழமை சந்தை; ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். இப்படி மாதக்கணக்கில் சுற்றினார்கள். துண்டுத்தாள் கொடுத்தார்கள், எழுத்தறியாதோருக்குப் படம் வரைந்து கொடுத்தார்கள். முஸ்லிம் பெண்கள் இமாம்களிடமும் கிறிஸ்தவப் பெண்கள் பாதிரிமாரிடமும் சென்று, போரிடும் தலைவர்களோடு பேசுங்கள் என்று வற்புறுத்தினார்கள். காரணம் உண்டு. டெய்லர் தம்மை இறைபக்தியுள்ளவராகக் காட்டிக்கொள்பவர். தேவாலயத்தில் உருகிப் பிரார்த்திப்பவர். எதிரணித் தலைவர்களோ பள்ளிவாசலுக்குச் செல்பவர்கள். இரு சாராரும் யாருடைய முன்னிலையில் தலைகுனிகிறார்களோ, அவர்களின் வாயிலாகவே அணுகுவது என்று பெண்கள் கணக்கிட்டார்கள். முஸ்லிம் பெண்கள் இல்லாதிருந்தால் இக்கணக்கில் பாதி வாசல் அடைபட்டிருக்கும். ஜனத்தொகையில் எட்டில் ஒரு பங்கினராயினும் அவர்கள் வந்து சேர்ந்தது அவர்களின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு பெறுமதியுடையதாயிற்று என்று நான் கூறுவது இதனாலேயே.

2003-இன் தொடக்கத்தில் போர் தலைநகரை நெருங்கிற்று. தென்கிழக்கே மற்றொரு புரட்சிக் கூட்டமும் கிளம்பிவிட்டது. தம் அரசுக்கு இழுக்குண்டாக்கும் வகையில் ஒருவரும் தெருவில் இறங்கக் கூடாதென்று டெய்லர் எச்சரித்திருந்தார். ஏப்ரல் மாதத்தில், பிரதான வீதியருகே மீன்சந்தையை ஒட்டியிருந்த ஒரு வெற்றுத் திடலில் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். அத்திடலைத் தேர்ந்ததும் தற்செயலன்று. டெய்லர் தம் இல்லத்திலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் அதைக் கடந்தே ஆகவேண்டும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். அனைவருக்கும் வெள்ளை மேற்சட்டை, வெள்ளைத் தலைத்துணி. நகைகள் இல்லை, ஒப்பனை இல்லை. எந்தக் குலம், எந்த மதம், செல்வரா வறியவரா என்று அடையாளம் காணமுடியாதபடி ஆக்கிக்கொண்டார்கள். உடையில் எளிமை பூண்டு ஓரணியாய் நிற்பதன் பொருள் ஹஜ்ஜுக்குச் சென்றோருக்கு விளங்கும்.

வெயில் காய்ந்தது. பின்னர் மழைக்காலம் வந்தது. உலகத் தலைநகரங்களிலேயே அதிகமாக மழை பெறுவனவற்றுள் ஒன்று மன்ரோவியா. நனைந்துகொண்டும் அமர்ந்திருந்தார்கள். அவர்களின் கோரிக்கைகள் மூன்று: நிபந்தனையின்றி உடனே போர் நிறுத்தம், பேச்சுவார்த்தை, அமைதி காக்க அயல்நாட்டுப் படை. யாருக்குப் பதவி என்பதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. எந்தக் கட்சியின் சாயலும் தம்மீது படாமல் காத்துக்கொண்டதே அவர்களைக் காத்தது.

இதே காலத்தில், போரை நிறுத்த ஆடவர் முன்வரும் வரை இல்லற உறவிலிருந்து விலகியிருப்பது என்றும் மனைவியர் முடிவு செய்தனர். மேலைநாட்டுப் பத்திரிகைகள் இச்செய்தியைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டன. அதனால் நேரடிப் பயன் அதிகமில்லை என்றும், உலகின் கவனத்தை ஈர்க்க உதவிற்று என்றும் லேமா போவீயே பிற்காலத்தில் எழுதினார். ஆயினும் இச்செய்தியை நான் முதன்முதல் அறிந்தபோது நினைவுக்கு வந்தது அறபு இலக்கியத்தில் உள்ள ஒரு வரலாறு. ஜாஹிலிய்யாக் காலத்தில் தாஹிஸ், ஃகப்ரா என்னும் இரு குதிரைகளின் பந்தயத்தில் மூண்ட சச்சரவால் அப்ஸ், துப்யான் என்னும் இரு கிளையார் நாற்பது ஆண்டுகள் போரிட்டதாகச் சொல்வார்கள். அக்காலத்தில் ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்ற தலைவர், தய்யி கோத்திரத்து அவ்ஸ் என்பாரின் மகள் புஹைஸாவை மணந்தார். அறபிகள் ஒருவரையொருவர் வெட்டி மடிந்துகொண்டிருக்க, மணவறைக்கு உமக்கு நேரம் எப்படி வாய்த்தது என்று மணமகள் கேட்டாள். முதலில் போய் அவர்களிடையே ஸுல்ஹு செய்துவிட்டு வாரும் என்று திருப்பி அனுப்பினாள். அவர் ஹரிம் இப்னு ஸினானையும் அழைத்துக்கொண்டு சென்று, இரு தரப்பிலும் கொலையுண்டோருக்கான தியத்தை, மூவாயிரம் ஒட்டகங்களை, மூன்று ஆண்டுகளில் தாமே செலுத்துவதாகப் பொறுப்பேற்றுப் போரை முடித்தார். அபுல் ஃபரஜ் இஸ்பஹானியின் 'கிதாபுல் அகானி'யில் இக்கதை வருகிறது. ஸுஹைர் தம் முஅல்லக்காவில் அவ்விரு தலைவர்களையும் வானளாவப் புகழ்ந்தார். மதரஸா மாணவர் யாவரும் அக்கவிதையைப் படிப்பர். ஆனால் புஹைஸாவின் பெயர் அக்கவிதையில் இல்லை.

ஏப்ரல் 23-ஆம் நாள் டெய்லர் பெண்களைத் தம் மாளிகைக்கு வரவழைத்தார். அஞ்சிக்கொண்டே சென்றார்கள், வழியெல்லாம் மேலும் மேலும் பெண்கள் சேர்ந்தார்கள். லேமா போவீ அறிக்கையைப் படித்தார். அவர் ஜனாதிபதியை நோக்கிப் பேசவில்லை. அரசில் உயர்பதவியிலிருந்த கிரேஸ் மைனர் என்ற பெண்மணி அங்கிருந்தார். அவரை நோக்கி, இதனைத் தங்கள் ஜனாதிபதியிடம் சேர்ப்பியுங்கள் என்னும் பாவனையில் பேசினார். போரால் தாங்கள் ஓய்ந்துபோனோம் என்றும், பிச்சையெடுக்கவும் ஓடவும் இனி வலுவில்லை என்றும், பிள்ளைகளின் எதிர்காலத்தைக் காக்கவே எழுந்து நிற்கிறோம் என்றும் சொன்னார். பேச்சுவார்த்தைக்கு டெய்லர் இசைந்தார். உடனே பெண்கள் சிலர் ஸியர்ரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுனுக்குச் சென்று, அங்கே விடுதியொன்றில் தங்கியிருந்த புரட்சித் தலைவர்களை முற்றுகையிட்டு, அவர்களிடமும் ஒப்புதல் பெற்றனர். அஸாத்துவின் பங்கு அங்கே பெரிது. ஒரு முஸ்லிம் தாய் வந்து நின்று கேட்கும்போது, 'இவள் டெய்லரின் ஆள்' என்று அத்தலைவர்களால் சொல்லிவிட முடியவில்லை.

2003 ஜூன் 4-ஆம் நாள் கானா நாட்டில் பேச்சுவார்த்தை தொடங்கிற்று. நடுவராக அமர்ந்தவர் நைஜீரியாவின் முன்னாள் இராணுவ ஆட்சியாளர் ஜெனரல் அப்துஸ்ஸலாம் அபூபக்கர். அன்றே, ஸியர்ரா லியோன் போர்க்குற்ற நீதிமன்றம் டெய்லர்மீது சாட்டியிருந்த குற்றங்களைப் பகிரங்கப்படுத்திற்று. அவர் அவசரமாக நாடு திரும்பினார். பிரதிநிதிகள் மட்டும் தங்கினர். ஜூன் 17-இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சில நாட்களிலேயே முறிந்தது. பிரதிநிதிகளுக்குக் கானாவில் நல்ல விடுதி, நல்ல உணவு, நாட்படி. எந்த அமைச்சு யாருக்கு, எந்தத் துறைமுகம் யாருக்கு என்று வாரக்கணக்கில் பேரம் நடந்தது. மன்ரோவியாவிலோ பட்டினி, காலரா. ஜூலை 21-ஆம் நாள் அமெரிக்கத் தூதரகத்தைச் சேர்ந்த வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் வீழ்ந்தன. மக்கள் பிணங்களைச் சுமந்துவந்து தூதரக வாயிலில் கிடத்தினார்கள்.

அந்நாட்களில் அக்ராவில் மாநாட்டு மண்டபத்தின் வாயிலில் பெண்கள் அமர்ந்திருந்தனர். மன்ரோவியாவிலிருந்து சென்ற சிலரும், கானாவின் புதுபுராம் அகதி முகாமிலிருந்து வந்து சேர்ந்தவர்களுமாக ஏறத்தாழ இருநூறு பேர். ஜூலைப் பிற்பகுதியில் ஒருநாள், உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, கைகோத்து வாயில்களை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். உடன்படிக்கை கையெழுத்தாகாமல் ஒருவரும் வெளியேற முடியாது. எங்கள் மக்கள் ஊரில் உண்ணாதிருப்பதுபோல் நீங்களும் இருந்து பாருங்கள் என்றார்கள். காவலர்கள் லேமாவைக் கைது செய்ய வந்தபோது, அவர் அனைவர் முன்னிலையிலும் தம் தலைத்துணியை அவிழ்த்து, ஆடையையும் களையத் தொடங்கினார். தாய் தன்னைத்தானே அவ்வாறு இழிவுபடுத்திக்கொண்டால், அது காணும் மகனின் தலையில் இறங்கும் சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்க மக்களின் பழைய நம்பிக்கை. காவலர்கள் நடுங்கிப் பின்வாங்கினர். இச்செயல் நம் கண்ணுக்கு ஒவ்வாததே. அங்கிருந்த முஸ்லிம் சகோதரிகளுக்கும் அது கூச்சத்தை அளித்திருக்கவேண்டும். ஆனால் எந்த எல்லைக்குத் தள்ளப்பட்டால் ஒரு தாய் அவ்வாறு செய்யத் துணிவாள் என்பதை எண்ணியே அதைப் பற்றித் தீர்ப்புக் கூறவேண்டும்.

ஜெனரல் அபூபக்கர் வெளியே வந்தார். பெண்களைத் தாண்டிக் குதிக்க முயன்ற ஒரு பிரதிநிதியைக் கடிந்து, நீர் ஆண்மகனாயிருந்தால் உம் சொந்த மக்களைக் கொன்றுகொண்டிருக்கமாட்டீர் என்னும் கருத்துப்படச் சொல்லி உள்ளே அனுப்பினார். பெண்களோடு பேசி, இரு வாரங்களுக்குள் முன்னேற்றம் காணப்படும் என்று உறுதியளித்தபின்பே அவர்கள் வழிவிட்டார்கள். ஆகஸ்ட் 11-இல் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குச் சென்றார். ஆகஸ்ட் 18-இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மூன்று நாட்டுப் பெண்கள் சங்கம் அதில் சாட்சியாகக் கையொப்பமிட்டது.

பெண்கள் அமர்ந்தார்கள், போர் நின்றது என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. போர்க்குற்ற நீதிமன்றத்தின் குற்றச்சாட்டு டெய்லரை வலுவிழக்கச் செய்தது. அமெரிக்கா அவரை வெளியேறுமாறு நெருக்கிற்று. ஆகஸ்ட் தொடக்கத்தில் நைஜீரியத் துருப்புகள் வந்திறங்கின. தலைநகரில் பாதி புரட்சிக்காரர் கைக்குப் போய்விட்டது. இவையெல்லாம் இல்லாமல் மீன்சந்தைத் திடல் மட்டும் போதியிருக்குமா என்றால், இல்லை என்பேன். எனினும், பேரம் பேசுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்களுக்கு வெட்கத்தை உண்டாக்கியது அப்பெண்களே. அக்ராவில் அன்று அந்த வெட்கம் தேவைப்பட்டது.

மற்றொரு மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். பெண்கள் இயல்பிலேயே சாந்தமானவர்கள், ஆதலின் சமாதானத்தை நாடினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். லைபீரியாவின் வரலாறு அதனை மறுக்கிறது. போருக்குப் பின் ஆயுதக் களைவில் பதிவு செய்துகொண்ட லட்சத்துச் சொச்சம் பேரில் சுமார் 22,000 பேர் பெண்கள். கடத்திச் செல்லப்பட்டுச் சமையலுக்கும் சுமை தூக்கவும் வைக்கப்பட்டவர்கள் பலர். தாமே துப்பாக்கி ஏந்தி அணி நடத்தியவர்களும் உண்டு. புரட்சித் தலைவர் கொன்னேயின் மனைவி ஆயிஷா, கினி ஜனாதிபதிக்கு நெருக்கமானவர். அக்கூட்டத்துக்குக் கினியின் ஆதரவு கிடைத்ததில் அவர் பங்கும் உண்டென்பர். ஆகவே, ஒரு முஸ்லிம் பெண் போருக்குத் துணைநின்ற அதே வேளையில் மற்றொரு முஸ்லிம் பெண் அதை நிறுத்தப் பாடுபட்டாள். பெண்ணாய்ப் பிறந்ததனால் வந்த குணமென்று அதனைச் சொல்ல இயலாது. வெயிலில் அமர்ந்து, கூடிப் பேசி, காசு சேர்த்து, முடிவெடுத்து ஈட்டிய குணம் அது.

உடன்படிக்கையோடு வேலை முடிந்ததென்று அவர்கள் கலையவுமில்லை. 2003 டிசம்பர் 7-இல் ஐக்கிய நாடுகள் படை ஆயுதங்களைப் பெறத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு போராளிகள் திரண்டு, பணம் உடனே கொடு என்று கலகம் விளைத்தார்கள், பலர் மாண்டனர். உள்ளூர்ப் பெண்களைக் கலந்தாலோசிக்காமல் அவசரப்பட்டதன் விளைவு அது. பின்னர் பெண்கள் முகாம்களுக்குச் சென்று, மகனே என்று அழைத்துப் பேசி ஆயுதங்களை ஒப்படைக்கச் செய்தார்கள். 2005 தேர்தலுக்கு முன் சந்தைகளில் கடைகளைப் பார்த்துக்கொண்டு, குழந்தைகளை ஏந்திக்கொண்டு, பெண்களைப் பதிவுக்கு அனுப்பினார்கள். பதிவான வாக்காளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்களாயினர். நவம்பர் 8-இல் நடந்த இறுதிச் சுற்றில் எல்லன் ஜான்ஸன் ஸர்லீஃப் வென்று, 2006 ஜனவரி 16-இல் பதவியேற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தல் மூலம் ஜனாதிபதியான முதற் பெண்மணி அவர்.

இதற்கிடையே 2004 அக்டோபர் இறுதியில் மன்ரோவியாவில் ஒரு நிலத் தகராறு மதக் கலவரமாக வெடித்தது. பள்ளிவாசல்கள் எரிந்தன; தேவாலயங்களும் எரிந்தன; பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். வெள்ளுடையில் ஒன்றாய் அமர்ந்த பெண்களின் ஊரில் இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் இது நடந்தது. மண்டிங்கோக்களின் வீடுகளையும் மனைகளையும் பற்றிய வழக்குகள் அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. திடலில் ஒன்றாய் அமர்வதால் மட்டும் பழைய பகை தீராது.

2008-இல் ஓர் ஆவணப்படம் வெளிவந்த பின்னரே வெளியுலகம் இவர்களை அறிந்தது. 2011-இல் நோபல் சமாதானப் பரிசு லேமா போவீ, ஸர்லீஃப், யமன் நாட்டு தவக்குல் கர்மான் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அஸாத்துவின் பெயர் அப்பட்டியலில் இல்லை. புஹைஸாவின் பெயர் முஅல்லக்காவில் இல்லாததுபோல. ஸர்லீஃபுக்குப் பரிசளித்ததைப் பலர் கேள்வி கேட்டனர். போரின் தொடக்கத்தில் டெய்லருக்குப் பணம் அனுப்பியதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். 2009-இல் உண்மையறியும் ஆணைக்குழு அவரை முப்பது ஆண்டுகள் பொதுப்பதவிக்கு ஒதுக்கவேண்டுமென்று பரிந்துரைத்ததை உயர்நீதிமன்றம் பின்னர் ஏற்கவில்லை. பரிசு பெற்ற மறு ஆண்டே, லேமா போவீ அவருடைய ஆட்சியைக் கண்டித்து, தாம் வகித்த நல்லிணக்கப் பதவியைத் துறந்தார்.

டெய்லருக்கு 2012-இல் ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அது ஸியர்ரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. தம் சொந்த நாட்டுப் பெண்களுக்கு இழைத்தவற்றுக்காக அவர் ஒருநாளும் விசாரிக்கப்பட்டதில்லை. மன்ரோவியாவில் அதற்கென ஒரு நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகத்தை நிறுவும் ஆணையில் ஜனாதிபதி ஜோஸஃப் போக்காய் கையெழுத்திட்டது 2024 மே மாதத்தில். உடன்படிக்கை கையெழுத்தாகி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. சாட்சி கூறவேண்டிய தாய்மார் பலர் அதற்குள் இறந்துபோனார்கள். எஞ்சியோர், கிராமங்களில் 'சமாதானக் குடில்' என்று தாங்கள் அமைத்துக்கொண்ட கூரைகளின் கீழ் கூடுகிறார்கள். கணவன் மனைவி பிணக்கையும் நிலத் தகராறையும் கேட்டு, தீர்க்கக் கூடியதைத் தீர்க்கிறார்கள். பெண்கள்மீது இழைக்கப்படும் கொடுங்குற்றங்களைக் காவல்நிலையத்துக்கு அனுப்பி, வழக்குப் பதிவாகும் வரை விடாமல் பின்தொடர்கிறார்கள்.